ஓவியம் தாங்கிய மரம்

தேக்கும் கருங்காலியும் வன்மையாற் புகழ் பெற்ற மரங்கள். மென்மையாற் புகழ் பெற்ற மரமும் ஒன்று உண்டு. அதுவே வெண் பொப்லர். தென் ஐரோப்பாவின் ஆற்றங்கரைகளிலும் ஈரநிலங்களிலும் அது ஓங்கி வளர்வது. அதன் இலையின் மேற்புறம் கரும்பச்சை. அடிப்புறமோ வெண்பஞ்சு போர்த்தாற் போன்றது. காற்று வீசுந்தோறும் மரம் முழுவதும் வெள்ளியென ஒளிரும். பண்டைக் கிரேக்கர் அதனை மாவீரன் ஹெராக்கிளீசுக்கு உரியதாகப் போற்றினர்.

எனினும், அம் மரத்தின் பெரும்பணி இத்தாலியிலேயே நிகழ்ந்தது. துணியில் ஓவியந் தீட்டும் வழக்கம் பரவுமுன், அந்நாட்டு ஓவியர் மரப்பலகையையே பெரிதும் நாடினர். பொப்லர் விரைந்து வளர்வது, அகன்ற பலகை தருவது, எளிதிற் கிடைப்பது. பலகைகளைப் பசையால் இணைத்து, அவற்றின்மேல் விலங்குப் பசை கலந்த வெண்சாந்தைப் பூசி, மெருகிட்டு, அதன்மேல் வண்ணந் தீட்டினர். லியொனார்டோ டா வின்சியின் 'மொனா லிசா' தீட்டப்பட்டதும் பொப்லர்ப் பலகையிலேயே ஆகும்.

பதினாறாம் நூற்றாண்டில் ஓவியர் வரலாற்றை எழுதிய ஜோர்ஜியோ வசாரி, தாமும் ஓர் ஓவியரே. ஆற்றோரங்களில் வளரும் இம் மென்மரம் ஓவியத்துக்கு மிக உகந்தது என்றும், ஒட்டிய மூட்டு உறுதியாக நிற்கும் என்றும் அவர் பாராட்டினார். 1546 இல் அவர் தீட்டிய 'இறுதி இராவுணவு' ஐந்து பொப்லர்ப் பலகைகளால் ஆனது.

ஆயின், இம் மரத்துக்கு ஒரு குறையுண்டு. ஈரம் பட்டால் விரியும், உலர்ந்தால் சுருங்கும், வளையும். மேலே படிந்த சாந்தும் வண்ணமும் அவ்வாறு அசைய மாட்டா. 1966 நவம்பர் 4 ஆம் நாள் ஆர்னோ ஆறு பெருகிப் புளோரன்ஸ் நகரினுட் புகுந்தபோது, இக்குறையின் கொடுமை வெளிப்பட்டது. சாந்தா குரோச்சே ஆலயத்தில், பதின்மூன்றாம் நூற்றாண்டு ஓவியர் சீமாபுவே தீட்டிய பெருஞ் சிலுவை தன் வண்ணத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்கை இழந்தது. அங்கிருந்த வசாரியின் படைப்பும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வெள்ளத்துள் மூழ்கிக் கிடந்தது.

வண்ணம் உதிராதிருக்க அதன்மேல் மென்தாள் ஒட்டினர். பலகைகள் உலர்ந்து சுருங்க, வண்ணப்படலம் இடமின்றி மடிந்தது. அந்நாளின் அறிவு அதனைச் சீராக்கப் போதவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குக் குறையாது அவ்வோவியம் களஞ்சியத்திற் காத்திருந்தது. பின்னர், மரத்தொழிலின் நுட்பம் அறிந்தோரும் வண்ணக்கலை வல்லுநரும் ஒருங்கு கூடி உழைத்தனர். 2016 நவம்பர் 4 ஆம் நாள், வெள்ளம் வந்து சரியாக ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின், அது மீண்டும் சாந்தா குரோச்சேயில் இடம் பெற்றது. இனியொரு வெள்ளம் வரின் மேலே உயர்த்திவிடத்தக்க பொறியும் அதற்கு அமைக்கப்பட்டது.

ஆற்றங்கரையில் நீருண்டு வளர்ந்த மரமே, பலகையான பின்னர் நீருக்கு அஞ்ச நேர்ந்தது. ஓவியனின் பெயரை உலகம் நினைவிற் கொள்ளும். அவன் வண்ணத்தைத் தாங்கி நிற்பதோ, பின்புறம் மறைந்திருக்கும் அம் மென்மரமே.