வாகனக் கொட்டகையைச் சூடேற்றல்

வாகனக் கொட்டகையைச் சூடேற்றல் என்பது, வீட்டோடு சேர்ந்த வாகன நிறுத்துமிடத்திலோ சிறிய பழுதுபார்ப்புக் கொட்டகையிலோ குளிர்காலத்தில் வேலை செய்வதற்கு ஏற்ற வெப்பநிலையை உண்டாக்குதல் ஆகும். கனடா போன்ற கடுங்குளிர் நாடுகளில் இது வழக்கமானது. தமிழ்நாட்டில் நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளிலும், கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை மேட்டுநிலத்திலும் ஓரளவு இதற்கான தேவை எழுகிறது. இப்பகுதிகளின் குளிர் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தானது அன்று. அதைப் போக்க மூடிய இடத்தில் மூட்டப்படும் தீயே ஆபத்தானது.

சூளகிரிப் பகுதி

சூளகிரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 44 இல் அமைந்துள்ளது. அருகிலுள்ள ஓசூரில் அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார் ஆகியவற்றின் ஆலைகளும் பல உதிரிப்பாகத் தொழிற்சாலைகளும் உள்ளன. நெடுஞ்சாலை ஓரங்களில் தகரக் கூரையும் இரும்புச் சட்டரும் கொண்ட சிறு பட்டறைகள் பரவலாகக் காணப்படுகின்றன. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. டிசம்பர், ஜனவரி மாத இரவுகளில் வெப்பநிலை 15 பாகை செல்சியசை ஒட்டி இறங்குவதுண்டு. இதே மேட்டுநிலத்தைச் சேர்ந்த பெங்களூரில் 1884 ஜனவரியில் 7.8 பாகை பதிவாகியுள்ளது.

குளிரில் எஞ்சின் எண்ணெய் தடிக்கிறது. ஈய-அமில மின்கலத்தின் திறன் குறைகிறது. டிங்கரிங் வேலைக்கான பட்டி இறுகுவதற்கும் பெயின்ட் உலர்வதற்கும் கூடுதல் நேரம் பிடிக்கிறது. எனினும் 15 பாகையில் இவை எதுவும் வேலையைத் தடுத்து நிறுத்துவதில்லை. அதிகாலையில் ஸ்பேனர் பிடிக்கும் கை விறைப்பதே இங்கு முதன்மையான இடையூறு.

கரியும் கணப்பும்

இரும்புச் சட்டியிலோ குமுட்டி அடுப்பிலோ அடுப்புக்கரியை மூட்டிக் குளிர்காய்வது பழைய வழக்கம். திறந்த வெளியில் இதனால் தீங்கு குறைவு. சட்டரை இறக்கிவிட்டுச் செய்யும்போது நிலைமை வேறு. புகை அடங்கிக் கங்கு சிவந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்பது பரவலான தவறான எண்ணம். எரியும் கரியில் உண்டாகும் கார்பன் டைஆக்சைடு, சிவந்த கங்குகளின் ஊடே செல்லும்போது மீண்டும் கரியுடன் வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. இலங்கைப் பாடநூல்களில் இது காபனோரொட்சைட்டு எனப்படுகிறது. இவ்வளிமத்திற்கு நிறமோ மணமோ இல்லை, கண்ணையும் உறுத்தாது. ஆகவே புகையற்ற கங்கும் பெருமளவில் இதனை வெளியிட்டுக்கொண்டிருக்கும்.

குருதியிலுள்ள ஹீமோகுளோபின், உயிர்வளியைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான பிணைப்புடன் கார்பன் மோனாக்சைடைப் பற்றிக்கொள்கிறது. இதனால் உடல் உறுப்புகளுக்கு உயிர்வளி கிடைப்பது தடைப்படுகிறது. இந்தப் பிணைப்பைப் பிரான்சு நாட்டு உடலியங்கியலாளர் குளோட் பெர்னார் 19 ஆம் நூற்றாண்டில் விளக்கினார். தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், சோர்வு ஆகியன தொடக்க அறிகுறிகள். இவை சாப்பாடு ஒத்துக்கொள்ளாதது போலவோ இரவு வேலையின் களைப்பு போலவோ தோன்றுவதால் பலர் சற்றுப் படுத்து எழலாம் என்று எண்ணுகின்றனர். அந்த உறக்கத்திலிருந்து பலர் எழுந்ததில்லை.

2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்னுமிடத்தில், விடுதி அறையில் எரிவாயுச் சூடேற்றியை வைத்து உறங்கிய கேரளச் சுற்றுலாப் பயணிகள் எட்டுப் பேர் இறந்தனர். அவர்களுள் நால்வர் குழந்தைகள். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், இறைச்சி வாட்டும் கரி அடுப்பை அறைக்குள் வைத்து உறங்கிய இளைஞர் இருவர் இறந்தனர். இவை பழுதுபார்ப்புக் கொட்டகைகளில் நிகழ்ந்தவை அல்ல. ஆயினும் மூடிய அறை, தீ, உறக்கம் என்னும் மூன்றும் பட்டறையிலேயே தங்கி உறங்கும் உதவியாளருக்கும் அப்படியே பொருந்தும்.

வண்டியின் புகை

எஞ்சினை ஓடவிட்டு அதன் சூட்டில் வேலை செய்வதும் இதே காரணத்தால் தவிர்க்கப்பட வேண்டியது. புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றி, கார்பன் மோனாக்சைடைப் பெரும்பாலும் அழித்துவிடும். ஆனால் அது செயற்பட ஏறத்தாழ 300 பாகை வரை சூடாக வேண்டும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் முதல் நிமிடங்களில் அது சூடாகியிருப்பதில்லை. பெட்ரோல் கலவையும் அப்போது செறிவாக இருக்கும். எனவே 2020 இல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை-6 விதிகளுக்கு உட்பட்ட புதிய வண்டியும், காலையில் மூடிய கொட்டகையில் கிளப்பப்படும்போது பாதுகாப்பானது அன்று.

கதவைத் திறந்து வைப்பது மட்டும் போதாது. அமெரிக்காவின் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் அளவீடு ஒன்றில், பெரிய கதவு திறந்திருந்த நிலையிலேயே இரண்டு நிமிடம் ஓடிய கார், கொட்டகைக் காற்றில் இவ்வளிமத்தைப் பத்து லட்சத்தில் 500 பங்கு அளவுக்கு உயர்த்தியது. உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டி அளவோ கால் மணி நேரத்திற்கு ஏறத்தாழ 87 பங்கு, எட்டு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 9 பங்கு மட்டுமே. வண்டியை வெளியே தள்ளிச் சென்ற பின் கிளப்புவதே முறை.

தீப்பற்றும் ஆபத்து

பெட்ரோல் உறைநிலைக்கு மிகக் கீழான குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடும். இந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. எனவே அது தரையோடு படர்ந்து, ஆய்வுக்குழியில் தேங்கி, தொலைவிலுள்ள நெருப்பை எட்டுகிறது. கார்புரேட்டர் கழற்றும் இடத்திற்குச் சில அடி தள்ளித் தரையில் வைத்த கணப்பு இதனால் மிகவும் அபாயகரமானது. அமெரிக்க விதிகள், கொட்டகையில் தீப்பொறி தரும் கருவிகள் தரைக்கு மேல் குறைந்தது 46 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. சமையல் எரிவாயுவும் காற்றைவிடக் கனமானதே. மாறாக, மின்கலம் மின்னேற்றும்போது வெளிப்படும் ஹைட்ரஜன் மேலெழுந்து கூரையடியில் சேரும். ஆகவே தாழவும் உயரவும் காற்றுவழி தேவை.

குளோரின் கலந்த பிரேக் துப்புரவுத் திரவத்தின் ஆவி, சிவந்த கம்பியிலோ தீயிலோ பட்டால் பாஸ்ஜீன் என்னும் நச்சு வளிமம் உண்டாகலாம். முதல் உலகப்போரில் ஆயுதமாகப் பயன்பட்ட வளிமம் இதுவே.

மின்சூடேற்றிகள்

எரிபொருளற்ற மின்சூடேற்றியில் கார்பன் மோனாக்சைடு உண்டாவதில்லை. கம்பி சிவக்கும் வகையைவிட, எண்ணெய் நிரப்பிய மூடிய வகையே கொட்டகைக்கு ஏற்றது. அதுவும் பெட்ரோல் திறந்திருக்கும்போது அணைக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் வெப்பக் கட்டுப்பாட்டுச் சுவிட்சிலும் பொறி எழும். 2,000 வாட் சூடேற்றி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் எடுக்கும். ஆகையால் 6 ஆம்பியர் பிளக்கில் இதனைச் செருகுதல் கூடாது. 16 ஆம்பியர் பிளக்கும், எர்த் இணைப்பும், மின்கசிவுத் துண்டிப்பானும் வேண்டும். சுருட்டிய நீட்டிப்பு ஒயர் சூடேறி உருகக்கூடும்.

3 மீட்டர் அகலமும் 6 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட கொட்டகையின் காற்றை 8 பாகை உயர்த்த, இச்சூடேற்றிக்குக் கணக்கின்படி ஐந்து நிமிடமும் ஆகாது. ஆனால் தகரக் கூரை வழியே வெப்பம் உடனுக்குடன் வெளியேறிவிடும். சூளகிரி போன்ற இடத்தில் சட்டரைத் திறந்து வைத்துக் கம்பளிச் சட்டையுடன் வேலை செய்வதும், பட்டி, பெயின்ட் வேலைகளை வெயில் ஏறிய பின் வைத்துக்கொள்வதும் செலவற்ற தீர்வுகள்.

பாதிக்கப்பட்டவருக்கு உதவி

மயங்கியவரை உடனே திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். மீட்கச் செல்பவர் முதலில் சட்டரையும் கதவுகளையும் முழுமையாகத் திறக்க வேண்டும். உள்ளே தங்கினால் அவரும் மயங்குவார். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டர், கார்பன் மோனாக்சைடு ஏறிய குருதியையும் உயிர்வளி நிறைந்ததாகவே காட்டும் என்பதால் அதன் அளவை நம்பக்கூடாது. கணப்பு எரிந்த விவரத்தை மருத்துவரிடம் தெரிவித்தல் இன்றியமையாதது. சாதாரணக் காற்றில் குருதியிலுள்ள நச்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரமாகும். தூய உயிர்வளி கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் குறையும்.

பிற நாடுகளில்

தமிழர் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், எரிபொருள் கருவியோ வீட்டோடு இணைந்த வாகனக் கொட்டகையோ உள்ள வீடுகளில் உறங்குமிடத்திற்கு அருகே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி பொருத்துவது 2014 இல் கட்டாயமாக்கப்பட்டது. மின்கலத்தில் இயங்கும் இத்தகைய சிறு கருவிகள் இந்தியாவிலும் விற்கப்படுகின்றன.