முகப்பு விளக்குக் கண்கூச்சம்

முகப்பு விளக்குக் கண்கூச்சம் என்பது, இரவில் பிற வாகனங்களின் முகப்பு விளக்கொளி ஓட்டுநரின் கண்ணில் நேரடியாகப் படுவதால் ஏற்படும் தற்காலிகப் பார்வைக் குறைவையோ கண்ணுக்கு உண்டாகும் தொல்லையையோ குறிக்கும். ஓட்டுநருக்குச் சாலை தெரியுமளவு ஒளி வேண்டும். அவ்வொளி எதிரே வருபவரின் பார்வையை மறைக்கவும் கூடாது. முகப்பு விளக்கு வடிவமைப்பின் அடிப்படைச் சிக்கல் இதுவே ஆகும்.

கண்ணில் நிகழ்வது

வலுவான ஒளி விழிவில்லை முதலிய பகுதிகளில் சிதறி, விழித்திரையின் மீது மெல்லிய திரைபோலப் படர்கிறது. இதனால் பொருளுக்கும் பின்புலத்துக்கும் உள்ள வேறுபாடு குறைகிறது. கருநிற ஆடை அணிந்து சாலையைக் கடப்பவர் புலப்படாமல் போகலாம். முதுமையிலும் கண்புரை உள்ளோரிடத்தும் இச்சிதறல் மிகுதி. அழுக்கான அல்லது கீறல் விழுந்த முன்கண்ணாடியும் இதனைக் கூட்டும்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் தானுந்து ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநரின் பார்வை 2 நொடிகள் மறைந்தால், சுமார் 33 மீட்டர் தொலைவை அவர் சரிவரக் காணாமலே கடக்கிறார்.

ஒளிக்கற்றைகள்

முகப்பு விளக்கில் உயர் ஒளிக்கற்றை, தாழ் ஒளிக்கற்றை என இரண்டு உண்டு. இவை பேச்சு வழக்கில் பிரைட், டிம் எனப்படுகின்றன. தாழ் ஒளிக்கற்றை சமச்சீரற்றது. இந்தியா, இலங்கை போன்று இடப்புறம் வாகனம் ஓட்டும் நாடுகளில், அது சாலையின் இட ஓரத்தில் சற்று உயர்ந்தும் எதிர்வரும் வாகனங்களின் பக்கம் தாழ்ந்தும் இருக்கும்.

வரலாறு

* 1924 - இரு ஒளிக்கற்றைகளையும் ஒரே குமிழில் தரும் பைலக்சு விளக்கு அறிமுகமானது.
* 1962 - ஐரோப்பாவில் ஆலசன் முகப்பு விளக்கு அறிமுகமானது.
* 1991 - பி.எம்.டபிள்யூ. 7 வரிசைத் தானுந்தில் செனான் விளக்கு பொருத்தப்பட்டது.
* 1993 - பிரான்சில் 1930களிலிருந்து நிலவிய மஞ்சள் முகப்பு விளக்குக் கட்டாயம் நீங்கியது.
* 2007 - லெக்சசு எல்.எசு. 600எச் தானுந்தின் தாழ் ஒளிக்கற்றையில் எல்.ஈ.டி. பயன்பட்டது.
* 2022 - எதிரே வருபவர் மீது படும் பகுதியை மட்டும் தானே மங்கச் செய்யும் தகவமை ஒளிக்கற்றைக்கு அமெரிக்கா இசைவளித்தது.

காரணங்கள்

* உயர் ஒளிக்கற்றையைத் தாழ்த்தாமல் ஓட்டுதல்.
* ஆலசன் குமிழுக்கென அமைந்த விளக்கில் செனான் அல்லது எல்.ஈ.டி. குமிழைப் பொருத்துதல். ஒளி தோன்றும் இடம் மாறுவதால், எதிரொளிப்பான் அதனைச் சரியாகக் குவிக்க இயலாது.
* பின்புறம் மிகுந்த சுமை ஏற்றுதல். இதனால் முன்புறம் உயர்ந்து, தாழ் ஒளிக்கற்றையும் எதிரே வருபவரின் கண்ணை எட்டும்.
* உயரமான வாகனங்களில் விளக்கும் உயரத்தில் அமைதல்.

இந்தியச் சட்டம்

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி இது பற்றியது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், 1.5 மீட்டர் உயரத்தில் கண் உள்ள ஒருவருக்குக் கூச்சம் உண்டாகாதவாறு ஒளி கீழ்நோக்கித் திருப்பப்பட வேண்டும் என்பது அதன் சாரம்.

தவிர்க்கும் முறைகள்

எதிரே வாகனம் வரும்போதும், பிற வாகனத்தைப் பின்தொடரும்போதும் ஒளிக்கற்றையைத் தாழ்த்துதல் வேண்டும். கூச்சம் ஏற்படின் வேகத்தைக் குறைத்து, சாலையின் இட ஓரக் கோட்டை நோக்குதல் நன்று. பதிலுக்கு உயர் ஒளிக்கற்றையைப் பாய்ச்சினால் இருவரின் பார்வையும் மறையும். இரவில் மஞ்சள் கண்ணாடி அணிவது கண்ணை அடையும் மொத்த ஒளியைக் குறைப்பதால், சாலையைத் தெளிவாகக் காண உதவுவதில்லை.

இவற்றையும் பார்க்க

* தானுந்து
* ஒளிச்சிதறல்
* கண்புரை