படம் சொல்லும் பாதிக் கதை

பெங்களூரின் வடமேற்கே, துமகூரு நெடுஞ்சாலையை ஒட்டிப் பரந்து கிடக்கிறது பீன்யா தொழிற்பேட்டை. 1970-களில் உருப்பெற்ற அப்பேட்டையின் பட்டறைகளில் உழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்தம் பிள்ளைகள் பள்ளியில் கன்னட எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் கற்கின்றனர். தமிழோ அவர்கள் நாவில் உண்டு, கண்ணில் இல்லை. இத்தகைய பிள்ளையின் கையில் முதன்முதல் வைக்கத் தக்க தமிழ் ஏடு படநூலே என்பது என் துணிபு. ஆயின், படம் போட்ட நூலெல்லாம் அப்பணிக்கு உதவா. ஏன் என்பதற்கு அவற்றின் வரலாறே விடை கூறும்.

குழந்தைகளுக்கெனப் படங்களோடு அமைந்த நூல்களுள் முன்னோடி என மதிக்கப்படுவது, கொமேனியஸ் என்னும் மொராவிய அறிஞர் இயற்றி, 1658-இல் நியூரம்பர்க் நகரில் வெளிவந்த நூல். அதன் 150 பாடங்களுக்கும் மரச்செதுக்குப் படங்கள் உண்டு. படத்திலுள்ள பொருள்களுக்கு எண் இட்டு, அவற்றை இலத்தீனிலும் ஜெர்மானிய மொழியிலும் அருகருகே விளக்கியிருந்தார் ஆசிரியர். இவ்வகையின் முன்னோடி நூலே இருமொழி நூலாய் இருந்ததை நேயர்கள் நினைவில் கொள்க. எனினும், அதில் படம் பொருளுக்குப் பெயர்ப்பலகையாகவே நின்றது. நம் அரிச்சுவடியின் அணிலும் ஆடும் அத்தகையனவே. பிள்ளை ஒருமுறை பெயர் சொன்னபின் அப்பக்கத்துக்கு மீள்வதற்குக் காரணம் இல்லை.

அந்நிலையை மாற்றியவர் இங்கிலாந்தின் ராண்டால்ஃப் கால்டெகாட். எட்மண்ட் எவான்ஸ் என்னும் அச்சாளரோடு சேர்ந்து 1878 முதல் அவர் வெளியிட்ட சிறு நூல்களில், சொல் நின்ற இடத்தில் படம் தொடர்கிறது. தட்டு ஒன்று கரண்டியுடன் ஓடிப்போவதாக முடியும் குழந்தைப் பாட்டு ஒன்றுண்டு. பாட்டு அங்கே நின்றுவிட, கால்டெகாட் மேலும் ஒரு படம் வரைந்தார். அதில் தட்டு உடைந்து கிடக்கிறது. கரண்டியைக் கத்தியும் முள்ளும் இருபுறமும் பற்றி அழைத்துச் செல்கின்றன! இதனைச் சொல்லும் ஓர் எழுத்தும் அந்நூலில் இல்லை. கண்டறிந்து கூறுவது பிள்ளையின் வேலை. கதையில் அவனுக்கும் ஒரு பங்கு கிடைக்கிறது.

1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தோன்றிய அம்புலிமாமாவின் ஓவியங்கள் அழகிற் குறைந்தன அல்ல. விக்கிரமனும் வேதாளமும் என்றவுடன் ஓவியர் சங்கரின் கோடுகளே நம் மனக்கண்ணில் எழும். ஆயினும் அப்படங்களை நீக்கினாலும் கதை குறைவின்றி நிற்கும். எழுத்தறிந்தவர்க்கு அது விருந்து. எழுத்தறியாப் பிள்ளைக்கு அன்று.

1957-இல் நிறுவப்பெற்ற நேஷனல் புக் டிரஸ்ட், பின்னர் நேரு பால புஸ்தகாலயம் என்னும் வரிசையில், ஒரே படங்களைக் கொண்டு பல மொழிகளில் நூல்களை வெளியிட்டது. மிக்கி படேல் எழுதி வரைந்த ரூபா என்னும் யானையின் கதை அவற்றுள் ஒன்று. தன் சாம்பல் நிறத்தில் மனநிறைவு கொள்ளாத அந்த யானை, பிற விலங்குகளின் வண்ணங்களை ஏற்றுக்கொள்கிறது. அந்தக் கோலத்தைக் கண்டு நகைக்க எம்மொழியும் வேண்டா.

இவ்வாறு பன்மொழியில் அச்சிடும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. நிறங்களுக்குரிய அச்சுத்தகடுகள் எல்லா மொழிக்கும் பொது. எழுத்துக்குரிய கறுப்புத் தகடு மட்டும் மொழிக்கு மொழி மாறும். செலவு குறையும். ஆனால் படத்திலுள்ள கடையின் பெயர்ப்பலகையில் வண்ண எழுத்தை எழுத இயலாது. ஒரு மொழிக்கு விட்ட இடத்தில் மற்றொரு மொழியின் நீண்ட சொற்களும் அடங்கியாக வேண்டும். எழுத்தைச் சிறிதாக்கி அடைத்த பக்கம் குழந்தையின் கண்ணை வருத்தும்.

இதனினும் பெரிய குறை, மொழிபெயர்ப்பின் நடை. படத்தில் சிறுவன் தண்ணீர் குடிக்கிறான். கீழே ‘நீர் அருந்தினான்’ என்று அச்சாகியிருக்கிறது. பீன்யாவின் பிள்ளை அரும்பாடுபட்டு எழுத்துக் கூட்டியும், அச்சொல் அவன் செவியில் பழகியது அன்று. ‘தண்ணீர் குடித்தான்’ என்றிருந்தால், முதல் இரண்டு எழுத்தைக் கூட்டுமுன்னரே படம் அவனுக்குத் துணைநிற்க, நாக்கு சொல்லை முடித்துவிடும். செந்தமிழ்ப் பற்றுடைய நாம் இவ்விடத்தில் மட்டும் சற்று விலகி நிற்றல் நலம். எழுதப் பழகும் கண்ணுக்குப் பேசப் பழகிய நாவே ஆசான்.

சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம், ஆங்கிலத்தோடு தமிழ், கன்னடம் முதலிய மொழிகளை ஒரே பக்கத்தில் இணைத்துப் படநூல்கள் வெளியிட்டது. நல்ல முயற்சியே, எனினும் பள்ளியில் ஆங்கிலம் பயிலும் பிள்ளை ஆங்கில வரியைப் படித்துவிட்டுத் தமிழ் வரியைத் தாண்டிச் செல்லக்கூடும். பீன்யா வீடுகளுக்கு வேண்டுவது தமிழும் கன்னடமும் இணைந்த ஏடு. அதற்கு வழியும் அந்நகரிலேயே உண்டு. 2004-இல் பெங்களூரில் தொடங்கிய பிரதம் புக்ஸ், 2015-இல் ஸ்டோரிவீவர் என்னும் இணையவழிக் கதைத் தொகுப்பை ஏற்படுத்தி, அதன் படக்கதைகளை எவரும் மொழிபெயர்க்கவும் அச்சிடவும் திறந்த உரிமம் வழங்கியது. ஒரு கதையின் தமிழ் வடிவையும் கன்னட வடிவையும் அருகருகே வைத்துக்கொள்ள யாருடைய தனி அனுமதியும் வேண்டுவதில்லை. தமிழ் வரியைத் தாய் படிக்கலாம். கன்னட வரியை மகள் தாய்க்குப் படித்துக் காட்டலாம். இருவருக்கும் நடுவே ஒரே படம்.