கோழிக் கொண்டை நீலமா மாறுதா? அறுத்துடலாம்னு மட்டும் நினைக்காதீங்க!

காலையில் கூண்டைத் திறந்ததும் இரை போடுறோம், முட்டை இருக்கான்னு பார்க்குறோம். அப்படியே கோழியோட கொண்டையையும் ஒரு பார்வை பாருங்க. உடம்பு சரியில்லை என்பதை அது பல நேரம் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும்.

கொண்டை என்பது இறகில்லாத தோல். உள்ளே முழுக்க நுண்ணிய ரத்தக்குழாய்கள். நாம் பார்க்கும் சிவப்பு, அந்தத் தோல் வழியே தெரியும் ரத்தத்தின் நிறம்தான். ரத்தம் குறைந்தாலோ, அதில் ஆக்சிஜன் குறைந்தாலோ வெளியே தெரிந்துவிடுவது இதனால்தான்.

கோழிக்கு வியர்க்காது. அதன் உடல் வெப்பநிலையோ சுமார் 41 டிகிரி செல்சியஸ். வெயில் நேரத்தில் சூடான ரத்தம் கொண்டைக்கும் தாடிக்கும் வந்து, காற்றில் ஆறித் திரும்புகிறது. வாயைப் பிளந்து மூச்சு வாங்குவதோடு இதுவும் சேர்ந்துதான் உடல் சூட்டைத் தணிக்கிறது.

சேவலுக்குக் கொண்டை பெரிதாக இருப்பது ஆண் ஹார்மோனால். 1849-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆர்னால்டு பெர்த்தோல்டு, இளம் சேவல்களின் விரைகளை நீக்கிப் பார்த்தார். கொண்டை வளரவில்லை, கூவவும் இல்லை. விரையை வயிற்றுக்குள் வேறு இடத்தில் வைத்த சேவல்களுக்கோ கொண்டை வழக்கம்போல வளர்ந்தது. ஹார்மோன் என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலம் அது!

பெட்டைக்கும் அப்படித்தான். முட்டையிடும் பருவத்தில் கொண்டை பெரிதாகிச் சிவக்கும். அடை உட்காரும்போதும் இறகு உதிர்க்கும்போதும் சுருங்கி வெளுக்கும். லெகார்ன் பெட்டைக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கும். இதுக்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

ஆனால் காரணமில்லாமல் கொண்டை வெளுத்தால் ரத்தசோகையாக இருக்கலாம். குடற்புழு, பேன், ரத்தக்கழிச்சல் என்று பல காரணங்கள் உண்டு. ராத்திரி டார்ச் அடித்துக் கூண்டின் இடுக்குகளைப் பாருங்க. பகலில் ஒளிந்திருந்து இரவில் ரத்தம் உறிஞ்சும் செள்ளுப்பூச்சி அங்கேதான் இருக்கும்.

கொண்டையில் கருப்பாகப் பொருக்கு தட்டினால் பெரும்பாலும் அம்மை. கொசுவாலும் பரவும் வைரஸ் நோய் இது. தோலோடு நின்றால் சில வாரங்களில் ஆறிவிடும். வாய்க்குள்ளும் தொண்டையிலும் புண் வந்தால்தான் சிக்கல்.

உண்மையில் பதற வேண்டியது கொண்டை நீலமாகவோ ஊதாவாகவோ மாறும்போதுதான். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, அல்லது ரத்த ஓட்டம் தடைபடுகிறது என்று அர்த்தம். கோழிக் காலரா, பறவைக் காய்ச்சல் இரண்டிலும் இப்படி வரலாம். கூடவே முகம் வீங்கி, கோழிகள் அடுத்தடுத்து சாகத் தொடங்கினால் ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

'சாகுறதுக்குள்ள அறுத்துடலாம்', 'சந்தையில தள்ளிடலாம்' என்ற நினைப்புதான் இங்கே பெரிய ஆபத்து. பறவைக் காய்ச்சல் மனிதருக்கும் தொற்றக்கூடியது. நோயுள்ள கோழியை அறுத்து, இறகு பறித்து, சுத்தம் செய்பவருக்கே முதல் ஆபத்து. சந்தைக்குப் போனால் ஊரெல்லாம் பரவும். அந்தக் கோழியைத் தனியாக அடைத்துவிட்டு, கைகளை சோப்பு போட்டுக் கழுவிட்டு, கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்க. 1962 என்ற இலவச எண்ணிலும் அழைக்கலாம்.

கடக்நாத் வளர்ப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அந்தக் கருங்கோழிக்குக் கொண்டையே கருத்துத்தான் இருக்கும், நிறத்தை வைத்துச் சொல்வது கஷ்டம். இரை எடுக்குதா, மூக்கு ஒழுகுதா, தலையைத் தொங்கப் போட்டு நிக்குதான்னு பாருங்க.