பெயர்த்தொடரில் பண்புணர்த்தும் ஆங்கில 'டு' எச்சம்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

'எ ஹார்ட் மேன் டு ப்ளீஸ்' என்னும் ஆங்கிலப் பெயர்த்தொடரைக் 'கடுமையான மனிதர்' எனப் பெயர்ப்பது பிழையாகும். அம்மனிதரிடம் கடுமை இருப்பதாக அத்தொடர் கூறவில்லை. அவரை மகிழ்விப்பது அரிது என்றே கூறுகிறது. 'டு' எச்சத்தை 'பொருட்டு' என்னும் நோக்கப் பொருளில் மட்டும் கற்பிப்பதால் இவ்வேறுபாடு மறைகிறது. அதன் வரலாறு இச்சிக்கலைத் தெளிவிக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பழைய ஆங்கிலம்

பழைய ஆங்கிலத்தில் எச்சம் இருவகையாக வழங்கியது. ஒன்று, 'ட்ரின்கன்' என்பதுபோல் '-அன்' ஈறு பெற்றது. மற்றொன்று, 'டோ ட்ரின்கென்னெ' என்பதுபோல் 'டோ' என்னும் முன்னிடைச்சொல்லும் திரிந்த ஈறும் பெற்றது. பின்னது, தோற்றத்தில் நான்காம் வேற்றுமை ஏற்ற தொழிற்பெயராகும். எளிமை, அருமை ஆகியவற்றைக் குறிக்கும் பெயரடைகள் இவ்வடிவத்தையே ஏற்றன. அங்கு வாக்கியத்தின் எழுவாய், எச்சத்தின் செயப்படுபொருளாகக் கொள்ளப்பட்டது.

தமிழில் 'உண்பதற்கு இனிய கனி' என்பது இதனோடு ஒப்பிடத்தக்கது. கனி உண்பதில்லை, உண்ணப்படுகிறது. எனினும் செயப்பாட்டுவினை வடிவம் அங்கு வேண்டப்படுவதில்லை. 'உண்பதற்கு' என்பது வினைமுதலைச் சுட்டாது தொழிலை மட்டும் சுட்டி, இனிமை எதனைப் பற்றியது என வரையறுக்கிறது. 'டு ப்ளீஸ்' செய்வினை வடிவிலேயே நிற்பதையும் இவ்வாறே விளக்கலாம்.

இடைக்கால ஆங்கிலம்

இடைக்கால ஆங்கிலத்தில் எச்ச ஈறுகள் தேய்ந்து மறைந்தன. 'டு' மட்டும் அடையாளமாக எஞ்சியது. வேற்றுமைப் பொருள் மங்கியதால் அமைப்பு விரிவடைந்தது. முன்னிடைச்சொல்லை இறுதியில் விடும் வழக்கு இவ்வமைப்பிலும் தோன்றியது. இன்றைய 'எ நைஸ் மேன் டு டாக் டு' என்னும் தொடரில் முதல் 'டு' எச்சக்குறியாகவும் இறுதி 'டு' முன்னிடைச்சொல்லாகவும் நிற்கின்றன. ஒரே சொல்லின் வரலாற்றில் அமைந்த இரு நிலைகள் ஒரே தொடரில் அருகருகே காணப்படுகின்றன.

இக்கால ஆய்வு

'ஜான் இஸ் ஈஸி டு ப்ளீஸ்', 'ஜான் இஸ் ஈகர் டு ப்ளீஸ்' ஆகியவற்றை நோம் சோம்ஸ்கி 1964-இல் வெளிவந்த தம் நூலில் ஒப்பிட்டார். புறவடிவில் ஒத்திருப்பினும், முன்னதில் ஜான் மகிழ்விக்கப்படுபவர், பின்னதில் மகிழ்விப்பவர். பெயர்த்தொடரிலும் இதுவே நிகழ்கிறது. 'ஹார்ட்' என்பதும் 'டு ப்ளீஸ்' என்பதும் பொருளால் ஓரலகு. 'மேன்' என்னும் பெயர் அவற்றின் இடையே நிற்கிறது.

முடிவுரை

ஆகவே, இத்தொடர்களில் பண்பு பெயருக்குத் தனித்து உரியதன்று. ஒரு தொழிலை முன்னிட்டே அப்பெயருக்கு உரியதாகிறது. இதனைத் தமிழ் மாணவர்க்குக் கற்பிக்கையில், 'பொருட்டு' என்பதினும் 'செய்வதற்கு அரிய', 'பழகுவதற்கு இனிய' போன்ற நான்காம் வேற்றுமைத் தொடர்களிலிருந்து தொடங்குவதே பொருத்தமுடையது. மொழிபெயர்ப்பிலும், பெயரடையை எச்சத்தோடு சேர்த்த பின்னரே பெயரோடு இயைத்தல் வேண்டும்.