இமைப்பிளவுக் குறுக்க நோய்

இமைப்பிளவுக் குறுக்க நோய் என்பது, கண்ணின் திறப்பு கிடையாக ஒடுங்கியும், மேலிமை தளர்ந்து தொங்கியும், கீழிமையின் மூக்கோரத்திலிருந்து ஒரு தோல்மடிப்பு மேல்நோக்கி வளைந்தெழுந்தும், இரு கண்களின் உள்மூலைகள் விலகியும் பிறவியிலேயே அமையும் அபூர்வமான பரம்பரை நோயாகும். மருத்துவர் இதனைப் பிளெஃபரோஃபிமோசிஸ் என்பர். இந்நோயுற்ற குழந்தை எதிரே நிற்பவரைப் பார்க்க வேண்டுமாயின் நெற்றியைச் சுருக்கிப் புருவத்தை உயர்த்தி, மோவாயைத் தூக்கித் தலையைப் பின்னே சாய்க்கும். சென்னை, இந்நோயின் காரணத்தைத் தேடிய விசாரணையில் பங்கு கொண்ட நகரமாகும்.

1889-இல் வீஞ் என்பார் முதன்முதலாக வர்ணித்த இந்நோயில், பெண்களுக்கு இளமையிலேயே சூலகம் செயலிழந்து சந்தான பாக்கியம் தடைப்படும் முதல் வகையும், இமைக்கோளாறு மட்டுமே உள்ள இரண்டாம் வகையும் உண்டென 1983-இல் ஸ்லோட்டோகோராவும் அவருடைய சகாக்களும் பிரித்துக் காட்டினர். 1995-இல் நோயின் இருப்பிடம் மூன்றாம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் உள்ளதெனத் தெரிந்தது. அதற்கு அடுத்த ஆண்டே, சென்னையின் சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனையைச் சேர்ந்த பத்ரிநாத், குமாரமாணிக்கவேல் ஆகியோரும் நியூசிலாந்து ஆராய்ச்சியாளரும் சேர்ந்து ஆராய்ந்த ஒரு பெரிய இந்தியக் குடும்பத்தில், நோய் ஏழாம் குரோமோசோமோடு பிணைந்து வருவதாகக் கண்டதால், காரணம் இரண்டோ என்னும் ஐயம் எழுந்தது.

2001-ஆம் ஆண்டு அந்த ஐயத்தைத் தீர்த்தது. இத்தாலியின் சார்டினியாத் தீவில் கிரிஸ்போனி முதலியோர் மூன்றாம் குரோமோசோமில் ஃபாக்ஸ்எல்2 என்னும் மரபணுவே காரணம் எனக் கண்டனர். அதே ஆண்டில், கொம்பில்லாது பிறக்கும் சில வெள்ளாடுகளில் பெண் குட்டிகள் ஆண்தன்மை அடைவதற்கு, அம்மரபணுவின் அருகே 11.7 ஆயிரம் டி.என்.ஏ. எழுத்துகள் அழிந்துபோனதே ஏது என்பதும் வெளிப்பட்டது. இமையையும் சூலகத்தையும் ஒருங்கே உருவாக்க ஒரே மரபணு வேண்டியிருக்கிறது என்பது வியப்புக்குரியது. முன்சொன்ன இந்தியக் குடும்பத்தை மீண்டும் ஆராய்ந்தபோதோ, அவர்களிடம் ட்விஸ்ட் என்னும் வேறொரு மரபணுவில் பிறழ்வு இருந்தது. மண்டையோட்டின் மூட்டுகள் முன்கூட்டியே இணையும் நோயைத் தோற்றுவிப்பது அம்மரபணு. இமைக்கோளாறு அங்கே அதன் ஒரு சாயலாகத் தோன்றியதேயன்றி வேறில்லை. முன்பு தாம் வெளியிட்ட முடிவை அதே குடும்பத்தைக் கொண்டே திருத்திக்கொண்ட அந்த ஆராய்ச்சியாளரின் நேர்மை என்றும் மதிக்கத்தக்கது.

ஃபாக்ஸ்எல்2 புரதத்தில் 376 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றிடையே 14 அலனின்கள் தொடர்ச்சியாக நிற்கின்றன. அத்தொடர் 24 ஆக நீளும் பிறழ்வு அடிக்கடி காணப்படுவதோடு பெரும்பாலும் இரண்டாம் வகையோடு சேர்கிறது; புரதம் அத்தொடருக்கு முன்னரே அறுபட்டு நின்றுவிடின், முதல் வகையின் அபாயம் மிகுதி. இம்மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று கெட்டாலே நோய் வருமாதலின், நோயுற்றவரின் ஒவ்வொரு மகவுக்கும் பாதி வாய்ப்பு உண்டு. ஆயினும் மதுரை அரவிந்த் ஆராய்ச்சி நிலையத்தின் சுந்தரேசன் குழுவினர் 2007-இல், நெருங்கிய உறவில் மணம் முடித்த ஓர் இந்தியக் குடும்பத்தில், அத்தொடர் 19 ஆக நீண்ட பிறழ்வு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தபோதே நோய் தோன்றியதை எடுத்துக்காட்டினர். ஒரு பிரதி மட்டும் உடையோர் நலமாகவே இருந்தனர். மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கம் வேரூன்றிய நம் நாட்டில் இக்கண்டுபிடிப்பைக் குடும்ப மருத்துவர் அறிந்திருத்தல் அவசியம்.

மூடிய இமை பார்வையை மறைத்துச் சோம்பற்கண்ணாக்கும் அபாயம் இருப்பின் அறுவைச் சிகிச்சையைத் தாமதிக்கலாகாது. மற்றபடி கண்மூலைகளைத் திருத்துவதும், பின்னர் மேலிமையை நெற்றித் தசையோடு பிணைத்து உயர்த்துவதும் பெரும்பாலும் பள்ளிப் பருவத்துக்கு முன்னரே செய்யப்படுகின்றன. இமையைச் செப்பனிட்டு அனுப்பும்போதே, பெண் குழந்தையின் பெற்றோரிடம் சூலகத்தைப் பற்றியும் கூறிவிடுதல் மருத்துவரின் கடமையாகும். பிறழ்வு சில சமயம் மரபணுவுக்கு வெளியே, அதை இயக்கும் பகுதியில் இருப்பதால், மரபணுவை மட்டும் வாசித்து மாசில்லை எனக் கண்டாலும் அப்பெண்ணின் சோதனை முடிந்துவிட்டதாகக் கொள்ளலாகாது.