ஏழடிக்குள் ஒரு குடும்பம்

யூடியூபில் 'நரோபோட்' எண்டு ஒருக்கா தேடிப் பாருங்கோ. இங்கிலாந்தின் பச்சை வயல்களுக்கு நடுவால், ஆள் நடக்கிற வேகத்தில், நீண்டு ஒடுங்கிய படகொன்று போகும். கதவில் ரோசாப்பூவும் கோட்டையும் வரைந்திருக்கும். பித்தளை பளபளக்கும். நகரத்து வேலையை விட்டுப்போட்டு வந்த ஒருவர் கையில் தேநீரோடு நிம்மதியைப் பற்றிக் கதைப்பார். பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பூவும் பித்தளையும் வேறு சனங்களிடமிருந்து வந்தவை. அவர்களில் பலர் படகேறியது நிம்மதி தேடி இல்லை, வீட்டு வாடகை கட்ட வழியில்லாமல்.

கதை நிலக்கரியில் தொடங்குகிறது. 1761இல் பிரிட்ஜ்வோட்டர் பிரபுவின் வேர்ஸ்லி சுரங்கத்து நிலக்கரி கால்வாய் வழியாக மன்செஸ்டர் பக்கம் வரத் தொடங்கியது. கொஞ்சக் காலத்தில் அங்கே நிலக்கரி விலை ஏறத்தாழ பாதியாக விழுந்தது. ரோட்டில் ஒன்றிரண்டு தொன்னுக்கே மூச்சு வாங்குகிற குதிரை, தண்ணீரில் 25 தொன் படகை இழுத்துக்கொண்டு போனது. இதைக் கண்டதும் முதலாளிமார் கால்வாய்களில் காசு போட ஓடி வந்தார்கள். மட்பாண்டத் தொழிலதிபர் ஜொசையா வெட்ஜ்வுட் அவர்களில் ஒருவர். குண்டும் குழியுமான ரோட்டில் அவருடைய கோப்பைகள் பாதி வழியிலேயே உடைந்தால் யாருக்கு நட்டம்?

கால்வாய் மேட்டில் ஏறி இறங்க 'லொக்' வேணும். இரண்டு பக்கமும் கதவு போட்ட கல் தொட்டி அது. படகை உள்ளே விட்டுத் தண்ணீரை நிரப்பினால் படகு எழும்பும், வடித்தால் இறங்கும். செலவையும் தண்ணீரையும் மிச்சம் பிடிக்க, ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியியலாளர் இந்த லொக்குகளைக் கிட்டத்தட்ட 7 அடி அகலத்தில் அமைத்தார். அதால் படகும் 7 அடிக்குள், நீளம் 70 அடி அளவில். அந்தச் சிக்கனக் கணக்குத்தான் பிறகு பல தலைமுறைகளுக்கு வீட்டின் அகலமாகவும் ஆனது.

தொடக்கத்தில் படகோட்டிகளில் பெரும்பாலானோருக்குக் கரையில் வீடு இருந்தது. கூலியும் மோசமில்லை. 1830களுக்குப் பிறகு ரயில் வந்தது, கால்வாய்க் கட்டணம் விழுந்தது, கூலியும் கூடவே விழுந்தது. வீட்டைக் காலி பண்ணிவிட்டு மனிசி பிள்ளைகளோடு படகில் ஏறினால் வாடகையும் மிச்சம், உதவியாளுக்குக் குடுக்கிற காசும் மிச்சம். கூலி ஒரு பயணத்துக்கு இவ்வளவு எண்டு படகுத் தலைவனின் கையில்தான் போகும். சுக்கான் பிடித்த மனைவிக்கும், லொக் கதவைத் திறக்க முன்னால் ஓடிய பிள்ளைக்கும் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது.

70 அடிப் படகில் குடும்பத்துக்குக் கிடைத்தது பின்பக்கத்தில் 10 அடி நீளமான ஓர் அறை. மிச்சம் முழுக்கச் சரக்குக்கு. உள்ளே இறங்கினதும் இடது கைப்பக்கம் அடுப்பு. பக்கத்தில் ஓர் அலுமாரி, அதன் கதவைக் கீழே மடக்கினால் சாப்பாட்டு மேசை. எதிரே இருக்கிற வாங்கு இரவில் பிள்ளைகளின் படுக்கை. அறையின் கடைசியில், குறுக்காகப் பலகையை இறக்கினால் தாய் தகப்பனின் கட்டில். விடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப மடக்க வேணும், இல்லாவிட்டால் நடக்க இடமில்லை. குடிதண்ணீர், கூரையில் வைத்த பூப்போட்ட வாளியில் இருக்கும். உடுப்புத் தோய்ப்பது வழியில் கரையோரமாக நிறுத்துகிற நேரத்தில்.

படகைப் பராமரிக்கிறது இன்னொரு முழுநேர வேலை. மரப் படகு எண்டால் பலகை இடுக்குகளில் தார் தோய்த்த நாரை அடித்து இறுக்க வேணும். எங்கட கடற்கரை ஊர்களில் கலப்பத்து எண்டு சொல்லுற அதே வேலை. அங்கே இன்னொரு பூச்சும் இருந்தது: தாரோடு மாட்டு மயிரையும் குதிரைச் சாணத்தையும் சேர்த்துக் காய்ச்சி, சுடச்சுடப் பலகையில் பூசுவார்கள். மணத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கோ. நாளாந்தம் அடியில் ஊறுகிற தண்ணீரைப் பம்பால் இறைக்க வேணும். 1912 அளவில் சுவீடன் நாட்டு பொலின்டர் எஞ்சின்கள் வந்தன. காலையில் நெருப்பு விளக்கால் எஞ்சினின் தலையைச் சூடாக்கித்தான் அதை எழுப்பலாம். குதிரையின் இடத்தில் எஞ்சின் வந்ததும், எஞ்சின் படகு பின்னால் இன்னொரு படகையும் இழுத்தது. ஒரே குடும்பம் இரண்டு படகையும் பார்த்தது. பின்படகின் சுக்கான் பெரும்பாலும் மனைவியின் கையில்.

இவ்வளவுக்கும் நடுவில் இந்தப் பெண்கள் பித்தளை மினுக்கினார்கள். சுவரில் சரிகைபோல் ஓரம் வெட்டிய தட்டுகளை மாட்டினார்கள். வெள்ளை நூலில் பின்னிய திரைகள் தொங்கவிட்டார்கள். சுக்கானில் முடிச்சுப் போட்டுச் சுற்றிய பருத்திக் கயிற்றைக்கூட வெள்ளை வெளேரெண்டு தேய்த்து வைத்தார்கள். நிலக்கரி ஏற்றுகிற படகில்! இதை வெறும் அலங்காரம் எண்டு என்னால் நினைக்க முடியவில்லை. கரையில் இருந்தவர்கள் இவர்களை ஊத்தைச் சனங்கள் எண்டுதான் பேசினார்கள். அந்தப் பேச்சுக்கான பதில் இந்தப் பளபளப்பில் இருக்கிறது எண்டு நான் வாசிக்கிறேன்.

அந்தப் பேச்சை நாடறியச் செய்தவர் கோல்வில் ஊர் ஜோர்ஜ் ஸ்மித். கெட்டவர் இல்லை. சிறுவயதில் செங்கல் சூளையில் வேலை செய்தவர், சூளைப் பிள்ளைகளுக்காகப் போராடியவர். 1875இல் கால்வாய் மக்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். நெரிசல், நோய், குடி, எழுத்தறிவின்மை, திருமணமில்லாத வாழ்க்கை எண்டு இருட்டான சித்திரம் அது. படகில் ஒரு லட்சம் பேர் வாழ்கிறார்கள் எண்டும் கணக்குச் சொன்னார். அது கூடிப்போன கணக்கு எண்டு பின்வந்த ஆய்வாளர்கள் சொல்லுகிறார்கள். அவருடைய முயற்சியால் 1877இல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது, 1884இல் இறுக்கப்பட்டது. படகுகளைப் பதிவு செய்ய வேணும், எத்தனை பேர் தூங்கலாம் எண்டு வரையறை, பரிசோதகர்கள் உள்ளே வந்து பார்க்கலாம். நெரிசல் ஓரளவு குறைந்தது, உண்மை. பள்ளிக்கூட விசயம்தான் சரிவரவில்லை. படகு பதிவான ஊர்தான் பிள்ளையின் ஊர் எண்டு சட்டம் சொன்னது. படகோ அடுத்த கிழமை வேறெங்கோ நிற்கும். சரக்கு ஏற்றி இறக்கும் ஊரில் அரை நாள், ஒரு நாள் எண்டு வகுப்பில் இருந்த பிள்ளை எழுத்துப் படிப்பது எப்படி?

அதால்தான் இந்த வரலாறு முக்கால்வாசி வெளியாட்களின் கையெழுத்தில் இருக்கிறது. முதலில் சீர்திருத்தக்காரர், பிறகு பரிசோதகர். பிறகு ரசிகர்: எல்.டி.சி. ரொல்ட் தன் மனைவியோடு 'கிரெசி' என்ற படகில் பயணம் செய்து எழுதிய 'நரோ போட்' 1944இல் வந்தது. 1946இல் கால்வாய்களைக் காப்பாற்ற ஒரு சங்கம் உருவாவதற்கு அந்தப் புத்தகமே தூண்டுதல். இரண்டாம் உலகப்போரில் ஆட்பற்றாக்குறைக்குப் பயிற்சி எடுத்துப் படகோட்ட வந்த நடுத்தர வர்க்கப் பெண்களில் சிலரும் நல்ல புத்தகங்கள் எழுதினார்கள். அவர்களின் சட்டையில் இருந்த ஐ.டபிள்யூ. என்ற எழுத்துகளைச் 'சோம்பேறிப் பெண்கள்' எண்டு பகிடியாக விரித்துச் சொல்லுவார்கள். ஆனால் அவர்கள் வந்தவர்கள், போனவர்கள். பக்கத்துப் படகில் பிறந்து வளர்ந்து அதே வேலையைச் செய்த பெண்ணை அவர்களின் பக்கங்களில் பார்க்கலாம். அவள் எழுதிய பக்கம் தேடினாலும் அநேகமாகக் கிடைக்காது. பழைய படகோட்டிகளின் குரல்கள் ஒலிப்பதிவாகச் சேர்ந்தது பிறகுதான்.

1962–63 பனிக்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்காக உறைந்தன. அரசு நிறுவனம் தன் சரக்குப் படகுகளில் பெரும்பாலானவற்றை அதோடு நிறுத்தியது. லண்டன் சவுத்தோலில் — இன்று பஞ்சாபிக் கடைகளுக்குப் பேர்போன அதே இடம் — ஒரு ஜாம் தொழிற்சாலைக்கு நிலக்கரி கொண்டுபோன நீண்ட பயணம் 1970 ஒக்டோபரில் முடிந்தது. குடும்பங்கள் கரையேறின.

இன்று படகில் வாழ்கிறவர்கள் வேறு ஆட்கள். படகு இரும்பு. இரண்டு மூன்று வருசத்துக்கு ஒருக்கா தண்ணீரை விட்டு வெளியே எடுத்து அடிப்பக்கம் தார்ப்பூச்சுப் பூச வேணும். காற்றாடியில் சுற்றின பிளாஸ்டிக் பையை உறைகுளிரில் கையை விட்டு இழுத்தெடுக்க வேணும். கழிவறைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்ட வேணும். யூடியூபில் இதுவும் வரும், கொஞ்சம் இசையோடு. எல்லாரும் நிம்மதி தேடி வந்தவர்களும் இல்லை. லண்டனில் வீட்டு வாடகை தாங்காமல் வந்தவர்கள் கணிசமான பேர்.

நிரந்தரமாகக் கட்டிவைக்க இடமில்லாத படகு ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது எண்டு 1995ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுகிறது. 2024 ஏப்ரலில் இருந்து இப்படி நகர்ந்துகொண்டே இருக்கிற படகுகளுக்கு உரிமக் கட்டணத்தில் மேலதிகப் பணமும் சேர்ந்துவிட்டது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிற படகும் 14 நாள் முடிய நங்கூரக் கம்பியைப் பிடுங்கத்தான் வேணும்.